கடவுளை மறுத்தவர்; அறத்தை மறுக்காதவர்

எஸ்.ஏ. ரோடு என்றால் எர்ணாகுளம் தமிழர்கள் அனைவருக்கும் தெரியும். வைற்றிலாவிலிருந்து மகாத்மா காந்தி ரோடு நோக்கிப் பஸ்ஸில் அவ்வழியே போய் வருகிறோம். அந்த இரண்டு எழுத்துகள் சகோதரன் அய்யப்பன் என்ற பெயரின் சுருக்கம் என்பதும், அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘கடவுளுக்குப் பயப்படாதவன் எதற்கும் துணிவான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அய்யப்பனும் துணிந்தார். எதற்குத் துணிந்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

வைப்பீன் தீவிலுள்ள செறாயியில், 1889-ல் ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஸ்ரீ நாராயண குருவின் சீடர். அக்காலத்தில் பெரிய கோவில்களுக்குள் நுழைய ஈழவர்களுக்கே அனுமதி கிடையாது. அப்படியிருந்தும் அவர்கள் புலையர்களைத் தம்மோடு உட்கார விடுவதில்லை. பி.ஏ. படித்துத் திரும்பிய இளைஞர் அய்யப்பனுக்கு இது பொறுக்கவில்லை. 1917 மே 29 அன்று செறாயியில் இரு சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்திச் சாப்பிட வைத்தார்.

பலன் என்ன? பந்தியில் உட்கார்ந்தவர்களைச் சொந்தச் சாதிச் சபையே விலக்கி வைத்தது. ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினார்கள். அவரோ அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். சொர்க்க ஆசையோ நரக பயமோ அவரை இதில் இறக்கவில்லை. சக மனிதனுக்கு இழைக்கப்படும் அவமானம் ஒன்றே போதுமான காரணமாயிருந்தது.

அதே ஆண்டில் மட்டாஞ்சேரியிலிருந்து ‘சகோதரன்’ பத்திரிகையைத் தொடங்கினார். ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ வெளிவந்தது 1925-ல்தான்.

மனிதனுக்குச் சாதி ஒன்று, மதம் ஒன்று, கடவுள் ஒன்று என்றார் குரு. மூன்றுமே வேண்டாம் என்றார் சீடர். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. வேண்டியது தர்மம் என்றும் சேர்த்துச் சொன்னார். இந்தப் பின்பாதியைப் பலரும் மறந்துவிடுகிறோம். குருவும் சீடரைத் தள்ளிவிடவில்லை. கலப்பு மணத்திலும் சமபந்தியிலும் தவறில்லை என்று 1921-ல் தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். பக்தரும் நாத்திகரும் ஒரே இலையருகே சந்தித்தார்கள்!

பின்னாளில் அய்யப்பன் அமைச்சராகவும் இருந்தார், 1968-ல் மறைந்தார். கோவிலும் மசூதியும் யூதப் பள்ளியும் நடைதூரத்தில் இருக்கும் மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு, அவரது வாழ்க்கை ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. சாமி கும்பிடுகிறோமா என்பதல்ல அந்தக் கேள்வி. நம் பந்தியில், நமக்குப் பக்கத்தில், யாரை உட்கார வைக்கிறோம்?