பெயிண்ட் பளபளக்கிறது, அடித்தகடு தாங்குமா?

மும்பைத் தெருக்களில் 'காலி பீலி' பத்மினி டாக்சிகளின் ஓட்டம் 2023 அக்டோபரில் முடிந்தது. ஆனால் சொந்த உபயோகத்துக்கான பழைய ஃபியட் கார்களைப் பேணி வருவோர் இன்னும் உண்டு. கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள இந்நகரில் அவ்வண்டிகளுக்குப் பெரிய சத்துரு துருதான். இரும்பும் ஈரமும் பிராணவாயுவும் கூடினால் துரு பிறக்கும். உப்பு அதைத் துரிதப்படுத்தும்.

லாரியைப் போல் ஃபியட்டுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடல் தகடே பாரத்தைத் தாங்குகிறது. எனவே தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் அரித்துப் போனால் வண்டியின் பலமே போய்விடும்.

விற்பவர் சிலர் ஓட்டையின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து விடுவதுண்டு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். பட்டி தடித்த இடத்தில் காந்தம் பிடிக்காது. தரை விரிப்பைத் தூக்கித் தட்டிப் பார்ப்பதும் நல்லது.

மேலோட்டமான துருவானால், கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்து, ஈரம் படுமுன் பிரைமர் பூச வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அரித்த பகுதியை வெட்டி எறிந்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை வெல்டிங் செய்வதே வழி. அதற்கு முன் பாட்டரி இணைப்பையும், டாங்கி அருகே வேலையானால் டாங்கியையும் கழற்றிவிட வேண்டும்.

கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உள்ளன. அவை அடைபட்டால் துரு உள்ளிருந்தே அரிக்கும். மழைக்கு முன் ஒரு கம்பியால் அவற்றைக் குத்திவிடக் காசு செலவில்லை. டிங்கர் கூலியோ ஆயிரக்கணக்கில் ஆகும்.