வெயிலும் ஆற்றுநீரின் இரும்பும்

குற்றாலத்து அருவிகளாய் இழிந்து தென்காசியைக் கடந்து தாமிரவருணியோடு கலக்கும் சிற்றாறு போன்ற மலையாறுகளில், காட்டுச் சருகின் சாரமும் மண்ணிலுள்ள இரும்பும் கலந்து வருதல் இயல்பு. நீரில் இரும்பு இருநிலைப்படும்: கரைந்து கண்ணுக்குப் புலப்படாதது ஒன்று; துருவாகிச் செவ்வண்டலாய்ப் படிவது மற்றொன்று. துருவின்மேல் வெயில் படுங்கால், சருகின் சாரம் துணைநிற்க, அதிற் சிறிது கரைநிலைக்குத் திரும்பும். இருட்டியபின் பிராணவாயு அதனை மறுபடியும் துருவாக்கும்.

அமெரிக்காவின் கொலராடோ மலையோடையொன்றில் நண்பகலில் கரைந்த இரும்பு மிகுதல் அளந்தறியப்பட்டு 1988-இல் வெளியாயிற்று. அது அமிலங் கலந்த ஓடை. அமிலமில்லா நீரில் துருவாதல் விரைவாதலின் மாற்றம் சிறிதேயாகும். எனினும், உச்சிவேளையில் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் நீரெடுத்தனுப்பி, கணக்கு வேறுபட்டதென்று சோதனைச்சாலையைப் பழித்தல் நியாயமன்று. வடிகட்டுந் தொட்டிக்குப் பொதுப்பணம் செலவிடக் கருதும் பஞ்சாயத்தார், ஒரே வேளையில் நீரெடுத்து, எடுத்த மணியையும் சீட்டில் எழுதியனுப்புவாராக. புட்டியை வெயிலில் வைத்தலாகாது.