சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும்

“காட்டுக்குள்ள சண்டைக்குப் போறவன் ஏன் மாமா சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனவன்?” கிரான் சந்தித் தேத்தண்ணிக் கடையில் மருமகன் கேட்டான். 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போன வெள்ளைக்காரப் படையைப் பற்றிய பேச்சு.

காரணம் துவக்கில் இருக்கிறது, மனே. நெப்போலியன் காலத்து மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். 100 யார் தாண்டினால் குண்டு எங்கே போகுமென்று சுட்டவனுக்கே தெரியாது. அதனால் தோளோடு தோள் நிறுத்தி, எல்லாரையும் ஒரே நேரத்தில் சுடவைத்தார்கள். மருந்துப் புகை களத்தை மூடிவிடும். நம்மாள் யார், எதிரி யார் என்று பிரித்தறியத்தான் பளிச்சென்ற சட்டை.

அந்த வரிசைக்கு முன்னால் பரந்து நின்று சண்டை பிடிப்பது இலகு காலாட்படை. இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருவன் துவக்கை நிரப்பும்போது மற்றவன் சுடத் தயாராக நிற்பான். கட்டளை மேளத்தில் அல்ல, ஊதுகொம்பில் வரும். 1803இல் இங்கிலாந்தின் ஷோர்ன்கிளிஃபில் ஜான் மூர் பழக்கிய 52ஆம் படைப்பிரிவு சிவப்பை விடவில்லை. தோளில் சிறகு போன்ற பட்டை, தொப்பியில் பச்சைக் குஞ்சம், கொம்புச் சின்னம், அவ்வளவுதான் வேறுபாடு. 95ஆம் ரைபிள் படைக்கோ கரும்பச்சைச் சட்டை, கறுப்புத் தோல்வார். அவர்களுடைய பேக்கர் ரைபிளின் குழலில் புரி வெட்டியிருந்ததால் 200 யாரிலும் ஆளைக் குறிவைக்கலாம். ஆனால் நிரப்ப நேரமெடுக்கும். அதுவரை ஒளிந்திருக்க வேண்டாமா?

நம்முடைய கதைக்கு வருவோம். மட்டக்களப்புத் தளபதி ஆர்தர் ஜோன்ஸ்டன் சுமார் 300 பேருடன் புறப்பட்டார். மற்றத் திசைப் படைகளும் கண்டியில் வந்து கூடும் என்பது அவர் எண்ணம். போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. வழியெல்லாம் அடிவாங்கித் திருகோணமலைக்குத் திரும்பினார். அடித்தவர்கள் இடுப்பில் துணி கட்டிய கண்டிக் கிராமத்தார். 15 நாள் அரிசி, ஒரு சட்டி, மழைக்குத் தாளிப்பனை ஓலை, இவைதான் மூட்டை. மரத்துக்குப் பின்னால் நின்று சுட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள். எந்தப் பயிற்சிப் பாசறையும் இல்லாத இலகு காலாட்படை அது.

1827இல் இலங்கை ரைபிள் படை அமைந்தபோது, பெரும்பாலும் மலாய்க்காரரான அந்தச் சிப்பாய்கள் கரும்பச்சை உடுத்தினார்கள். வரிசையில் நிற்பவனுக்கு இடத்தை அதிகாரி காட்டுவார். எந்த மரத்தின் பின்னால் நிற்பது என்பதைத் தானே தீர்மானிக்க விடப்பட்டவனுக்குத்தான், மனே, பச்சைச் சட்டை.