வலிப்பை நிறுத்தியது எது?

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்திலிருந்து முதலில் எழும் குரல் பெரும்பாலும் இதுதான்: "யார்கிட்டயாவது சாவி இருக்கா? இரும்பு ஏதாவது கையில குடுங்க." ஒருவர் பைக் சாவியை நீட்டுவார். இன்னொருவர் இறுகிக் கிடக்கும் விரல்களைப் பிரித்து அதைத் திணிப்பார். ஓரிரு நிமிடத்தில் உடல் தளரும், மூச்சு சீராகும். "இரும்பு பட்டதும் நின்னுடுச்சு பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலையும்.

அவர்கள் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. சாவி கைக்குப் போனதும் உண்மை, வலிப்பு நின்றதும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவே மூளைக்குள் நடந்த வேலை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. சில மின்துடிப்பை எழுப்பும்போதே வேறு சில அதை அடக்கிக்கொண்டிருக்கும். இந்தச் சமநிலை குலைந்து, பெருந்திரளான அணுக்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து துடிப்பதே வலிப்பு. மார்புத் தசைகள் சட்டென்று இறுகி, நுரையீரல் காற்று குரல்வளை வழியே பீறிடுவதால் தொடக்கத்தில் ஓர் அலறல் கேட்கும். பத்து இருபது விநாடிகள் உடல் விறைக்கும். பிறகு கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். கூர்ந்து கவனித்தால் ஒன்று புலப்படும்: நேரம் ஆக ஆக, ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள இடைவெளி நீண்டுகொண்டே போகும். கடைசி இழுப்புக்குப் பின் ஒரு பெருமூச்சு. பெரும்பாலான வலிப்புகள் மூன்று நிமிடத்துக்குள் இப்படித் தாமாகவே முடிந்துவிடுகின்றன.

அந்த இடைவெளி ஏன் நீள்கிறது? நரம்பணுக்கள் இடைவிடாமல் துடிக்கும்போது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேகமாகச் சிதைந்து, அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. நரம்பணுக்களை அமைதிப்படுத்துவது அடினோசினின் வேலை. காபி குடித்தால் தூக்கம் கலைவதும், காஃபீன் இந்த அடினோசினை வேலை செய்யவிடாமல் தடுப்பதால்தான். இன்னொரு பக்கம், மூச்சு தடைபடுவதாலும் தசைகள் கடுமையாக உழைப்பதாலும் இரத்தத்தில் கரியமில வாயு பெருகி, மூளையில் அமிலத்தன்மை ஏறுகிறது. அமிலம் ஏறினால் துடிப்பு மட்டுப்படும். தன்னை அடக்கும் பொருள்களை வலிப்பே உண்டாக்கிக்கொள்கிறது. சாவி வந்து சேர்வதற்குள் மூளை பாதி வேலையை முடித்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிய பிறகு மூன்று மாதம் வலிப்பு வரவில்லை என்பதிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. பல நோயாளிகளுக்கு வலிப்பு சில காலம் அடுக்கடுக்காக வரும், பிறகு சில காலம் ஓயும். அடுக்கடுக்காக வரும்போதுதான் குடும்பம் பூசாரியைத் தேடி ஓடுகிறது. அடுத்து வரும் ஓய்வுக்காலத்தின் பெயர் கயிற்றுக்குப் போய்விடுகிறது.

அதற்காகப் பழைய வழக்கங்கள் எல்லாமே வெறுங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சில வலிப்புகள் மூளையின் ஒரு சிறு பகுதியில் தொடங்கி மெல்லப் பரவும். அந்தப் பகுதியை வலுவான வேறொரு தூண்டலால் ஆட்கொண்டால், பரவுவதற்கு முன்பே சிலருக்கு நின்றுவிடும். நரம்பியல் மருத்துவர் ராபர்ட் எஃப்ரான் 1950களில் ‘பிரெயின்’ ஆய்விதழில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். மணத்தை உணரும் பகுதியை ஒட்டித் தொடங்கும் வலிப்பு அவருக்கு. அறிகுறி தோன்றியதுமே கடுமையான மணம் ஒன்றை முகர்ந்தால் வலிப்பு மேலே போகாமல் நின்றது. பிறகு மல்லிகை மணத்தை முகரும்போதெல்லாம் ஒரு கைவளையலை உற்றுப் பார்க்கப் பழக்கினார் எஃப்ரான். நாளடைவில் மல்லிகை தேவைப்படவில்லை. வளையலைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. மூக்கருகே செருப்பையும் வெங்காயத்தையும் கொண்டுபோகும் பழக்கத்துக்கு இப்படி ஒரு மூலம் இருந்திருக்கலாம். ஆனால் நினைவிழந்து, மூளை முழுவதும் வலிப்பு பரவிய பிறகு எந்த மணமும் எட்டாது.

கஞ்சாவின் கதை இன்னும் நீண்டது. கல்கத்தாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷானசி, இந்நாட்டு வைத்தியர்களும் ஹக்கீம்களும் அதைப் பயன்படுத்துவதைக் கவனித்தார். விலங்குகளில் சோதித்துப் பார்த்தபின், வலிப்பு ஓயாத ஒரு கைக்குழந்தைக்கு அதன் சாற்றைக் கொடுத்துக் குணம் கண்டதாக 1839 வாக்கில் பதிவு செய்தார். அதே செடியிலிருந்து போதை தராத கன்னாபிடியால் பிரிக்கப்பட்டு, அளவு வகுக்கப்பட்டு, சோதனைகளில் தேறி, 2018இல்தான் அமெரிக்காவில் இரண்டு கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. நாட்டு மருந்து என்பதற்காக யாரும் அதை ஒதுக்கவும் இல்லை, சோதிக்காமல் ஏற்கவும் இல்லை.

சோதனைக்கு வராத மருந்து என்ன செய்யும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. மூலிகை என்று சொல்லி வலிப்புக்காக விற்கப்பட்ட சில பொடிகளை ஆய்வகத்தில் பரிசோதித்தபோது, உள்ளே பினோபார்பிட்டோன் கலந்திருந்தது. 1912இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்பிரட் ஹாப்ட்மன், நோயாளிகள் இரவில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கொடுத்துப் பார்த்து, அவர்களுக்கு வலிப்பும் குறைவதைக் கண்ட அதே மாத்திரை. அளவும் தெரியாமல், என்ன மருந்து என்றும் தெரியாமல் மக்கள் அதை அதிக விலைக்கு விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மலிவான அந்த மாத்திரையைச் சரியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நமக்குப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரத்தில் டாக்டர் கே. எஸ். மணியின் குழு, கிராமத்து நோயாளிகளுக்குப் பினோபார்பிட்டோன் அல்லது ஃபெனிட்டாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து கொடுத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தது. பெரிய ஸ்கேன் வசதிகள் ஏதுமில்லாமலே பலருக்கு வலிப்பு அடங்கியதை ‘லான்செட்’ இதழ் 2001இல் வெளியிட்டது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாத்திரை இருந்தும் கைநழுவுவது எங்கே? பெரும்பாலும் கல்யாணப் பேச்சில். வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வழி 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர்கள் நோயை மறைக்கிறார்கள். புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் மாத்திரையைத் திடீரென நிறுத்துகிறாள். அப்படி நிறுத்தினால்தான் வலிப்பு தானாக அடங்காமல் நீளும் ஆபத்து அதிகம். மூளையின் தடுப்புகள் தோற்றுப்போகும் அந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது.

குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தாயத்தும் கட்டிக்கொள்ளுங்கள். அதில் கிடைக்கும் தைரியத்தை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. மந்திரிக்கும் பெரியவர்களும் தங்களிடம் வருபவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தால் பெரும் புண்ணியம். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

கண்ணெதிரே யாராவது வலிப்பு வந்து விழுந்தால் சாவியைத் தேட வேண்டாம். அருகிலுள்ள கல்லையும் கூரான பொருள்களையும் அகற்றுங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம், கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தாலோ 108ஐ அழையுங்கள்.