முடி ஒட்டியவருக்கு முதல் மரியாதை!

பௌர்ணமி ராத்திரி, பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பைக்கில் தனியாகப் போயிருக்கிறீர்களா? சிமென்ட் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனதும் ரோடு கப்சிப். சோளக்கொல்லையிலிருந்து ஒரு நரி ஊளையிடும் பாருங்கள்... அதுவரை டூயட் பாடி வந்த வாய் தானாக கந்த சஷ்டிக்கு மாறிவிடும்!

'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) ஆரம்பிப்பதும் இப்படித்தான். இங்கிலாந்துப் பொட்டல்காட்டில் நடந்து வரும் இரண்டு அமெரிக்கப் பையன்களிடம், ரோட்டை விட்டு இறங்காதீங்க என்று ஊர்க்காரர்கள் எச்சரிக்கிறார்கள். கேட்டால்தானே! ஒருத்தன் ஓநாய்க்கு இரை. கடிபட்டுப் பிழைத்தவன் அடுத்த பௌர்ணமிக்கு, தானே ஓநாய். செத்த நண்பனோ நாளுக்கு நாள் அழுகிக்கொண்டே வந்து ஜோக் அடிக்கிறான்!

கதை எழுதியவர் ஜான் லாண்டிஸ். 1969-ல் யூகோஸ்லாவியாவில் நடந்த ஒரு ஷூட்டிங்கில் எடுபிடி வேலை பார்த்தபோது எழுதியது. சிரிப்புப் படத்துக்கு இவ்வளவு பயமா, பேய்ப் படத்துக்கு இவ்வளவு சிரிப்பா என்று கம்பெனிகள் கையை விரித்தன. படமாக 12 வருஷம் ஆச்சு.

படித்தது பி.காம். ஆச்சே... இந்தப் படத்தால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று கணக்கு எழுதிப் பார்த்தேன்.

ஹீரோ டேவிட் நாட்டன்: டாக்டர் பெப்பர் கூல்டிரிங்க் விளம்பரத்தில் ஆடிப் பாடியவர். அதைப் பார்த்துத்தான் லாண்டிஸ் கூப்பிட்டார். படத்தில் உடையில்லாமல் நடித்தார், விளம்பர வேலை போச்சு! பிறகு நிறைய நடித்தும், இந்த ஓநாய்தான் அவருடைய விசிட்டிங் கார்டு.

அழுகிய நண்பன் கிரிஃபின் டன்: 1985-ல் ஸ்கார்ஸேஸியின் 'ஆஃப்டர் ஹவர்ஸ்' ஹீரோ. 1998-ல் 'பிராக்டிகல் மேஜிக்' டைரக்டர். லாபம்!

நர்ஸாக வந்த ஜென்னி அகட்டர்: 2012-ல் தொடங்கிய 'கால் தி மிட்வைஃப்' டி.வி. தொடரில் பிரசவம் பார்க்கும் கன்னியாஸ்திரீகளுக்குத் தலைவி. நர்ஸுக்கு முறைப்படி பிரமோஷன்!

லாண்டிஸ் கணக்கில் மட்டும் சிரிக்க முடியாத பக்கம் ஒன்று உண்டு. 1982-ல் 'ட்விலைட் ஸோன்' ஷூட்டிங்கில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். 1987-ல் கோர்ட் லாண்டிஸை விடுவித்தது. போன உயிர்களுக்கு ஈடு எந்த லெட்ஜரில் எழுதுவது?

நிஜமான வரவு, போஸ்டரில் முகம் இல்லாத ஒருவருக்கு. மேக்கப்மேன் ரிக் பேக்கர்! ஹீரோவின் கை நீள்வதும் முடி முளைப்பதும் இருட்டில் இல்லை. விளக்கு எரியும் ஹாலில், கண்ணெதிரே. கம்ப்யூட்டர் வித்தை கிடையாது. எல்லாம் ரப்பரும் முடியும்தான். ஆஸ்கரில் மேக்கப்புக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டதும் 1982-ல் முதல் பரிசு இவருக்கு. அடுத்த வருஷமே லாண்டிஸும் இவரும் சேர்ந்து 'த்ரில்லர்' ஆல்பத்துக்காக மைக்கேல் ஜாக்சனை பூனை முகத்து மிருகமாக்கினார்கள். மொத்தம் 7 ஆஸ்கர் வாங்கி, 2015-ல் ஓய்வு பெற்றார்.

ஓநாய் பம்பாய்க்கும் வந்தது, புலி வேஷத்தில்! 1992-ல் மகேஷ் பட்டின் 'ஜுனூன்'. பௌர்ணமியில் புலியாக மாறியவர் 'ஆஷிகி' ராகுல் ராய். பின்னாளில் ஹிந்தி 'பிக் பாஸ்' முதல் சீசனில் ஜெயித்தவரும் இவரே. 2022-ல் வந்த 'பேடியா'வில் வருண் தவன் அசல் ஓநாயாகவே மாறினார். இந்த முறை முடி முளைக்க வைத்தது கம்ப்யூட்டர்.

உங்கள் ஆபீஸிலும் ஒரு பேக்கர் இருப்பார். ஃபைலை ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடிப்பவர். மீட்டிங்கில் அதைக் காட்டிக் கைதட்டு வாங்குபவர் வேறு ஆள். நாளைக்கு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் சார். ஆஸ்கர் நம்மால் முடியாது, டீ முடியுமே!