கில் மைனஸ் 9: கொஞ்சம் பொறுங்க!



பாடத்துக்குப் போகும் முன் எங்கள் புராஜெக்ட் டீமுக்கு நடந்த ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். நூலகப் புத்தகங்களைப் பதிவு செய்ய லினக்ஸில் ஒரு சி புரோகிராம் எழுதியிருந்தோம். மூன்று பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்து இரண்டு வாரம் டைப் அடித்த விவரம் எல்லாம் ஒரு பழைய பென் டிரைவில், ஒரே ஃபைலில். சேமிக்கும்போது பழைய ஃபைலைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து எழுதும். பத்திரமாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு பதிவும் டிரைவில் இறங்கும் வரை காத்திருக்கும்படி வேறு செய்திருந்தோம். நகல் எடுத்து வைக்கவில்லை. எங்கள் லட்சணம் அது!

ஒரு நாள் சேமிக்கச் சொன்னால் ஸ்கிரீன் அசையவே இல்லை. பக்கத்தில் இருந்த சீனியர் எட்டிப் பார்த்தார். "தொங்கிடுச்சுடா, போட்டுத் தள்ளு" என்று அவரே கில் -9 அடித்துவிட்டார். ஃபைலைத் திறந்தால் கால்வாசிதான் இருந்தது. அது தொங்கவே இல்லை, மெதுவாக எழுதிக்கொண்டு இருந்திருக்கிறது! அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சிக்னல் என்றால் என்ன என்று உருப்படியாகப் படிக்க வைத்தது அந்த ஒன்பதுதான்.

சிக்னல் என்பது என்ன?

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குப் பெயர் பிராசஸ். அதனிடம் "ஒரு விஷயம் நடந்திருக்கிறது" என்று கர்னல் தெரிவிக்கும் குட்டிச் சேதிதான் சிக்னல். கடிதம் மாதிரி விவரமாக இருக்காது. பெரும்பாலும் வெறும் ஒரு எண்தான். நம்ம சாதாரண பிசியில் ஓடும் லினக்ஸில் 1 முதல் 64 வரை எண்கள் உண்டு. முதல் 31 பழைய வழக்கமான சிக்னல்கள். அதற்கு மேல் ரியல்-டைம் வகை. நாம் அடிக்கடி சந்திப்பவை இவை:

2 – சிக்-இன்ட்: கன்ட்ரோல்-சி அழுத்தினால் வருவது.
8 – சிக்-எஃப்.பி.ஈ: கணக்கில் கோளாறு.
9 – சிக்-கில்: மறுபேச்சு இல்லாத சாவு.
11 – சிக்-செக்வி: தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டது.
15 – சிக்-டெர்ம்: "முடித்துக்கொள்" என்ற வேண்டுகோள்.
17 – சிக்-சைல்டு: பிள்ளை பிராசஸ் முடிந்துவிட்டது.
19 – சிக்-ஸ்டாப்: அப்படியே நில்.

யார் அனுப்புகிறார்கள்?

முதல் ஆள் கீபோர்டு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் அந்த எழுத்து சாதாரணமாக புரோகிராமுக்குப் போய்ச் சேர்வதில்லை. கர்னலில் உள்ள டெர்மினல் டிரைவர் நடுவழியிலேயே பிடித்து, அந்த டெர்மினலில் முன்னணியில் ஓடும் பிராசஸ் கூட்டம் முழுவதற்கும் 2-ஐ அனுப்பிவிடும்.

இரண்டாவது ஹார்டுவேர். முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் இன்டெல் பிராசஸர் வேலையை நிறுத்தி கர்னலைக் கூப்பிடும். கர்னல் அதை 8-ஆம் எண் சிக்னலாக மாற்றித் தரும். பெயரில் ஃப்ளோட்டிங் பாயின்ட் என்று இருந்தாலும் முழு எண் வகுத்தலுக்கும் இதே சிக்னல்தான். வைவாவில் மடக்க ஏற்ற கேள்வி, குறித்துக்கொள்ளுங்கள்!

மூன்றாவது, இன்னொரு பிராசஸ். கில் என்ற கட்டளை இங்கேதான் வருகிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கொலைக் கருவி இல்லை, சேதி அனுப்பும் தபால்காரர்தான். எண் எதுவும் சொல்லாமல் அடித்தால் போவது 15. நம் யூசரில் ஓடும் பிராசஸுக்கு நாம் அனுப்பலாம். அடுத்தவருடையதற்கு அனுப்ப ரூட் அதிகாரம் வேண்டும்.

கர்னல் செய்யும் வேலை

சிக்னல் அனுப்பிய அந்த நொடியிலேயே பிராசஸ் மேல் குண்டு விழுந்த மாதிரி நினைக்கிறோம். அப்படி இல்லை. ஹாஸ்டல் வாசலில் உள்ள ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிராசஸுக்கும் கர்னல் 64 கட்டம் உள்ள ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்கிறது. சிக்னல் வந்தால் அந்த எண்ணுள்ள கட்டத்தில் ஒரு டிக். இதற்குப் பெயர் பென்டிங். பிராசஸ் ஏதாவது சிஸ்டம் கால் செய்து கர்னலுக்குள் வந்து, வேலை முடிந்து வெளியே போகும்போது, வாசலில் வைத்து கர்னல் ரிஜிஸ்டரைப் பார்க்கும்: "தம்பி, உனக்கு ஒரு சேதி இருக்கு."

சிஸ்டம் காலே செய்யாமல் வெறும் லூப்பில் சுற்றும் புரோகிராம் என்றால்? அதையும் டைமர் இன்டரப்ட் பொதுவாக விநாடிக்கு 100 முதல் 1000 தடவை கர்னலுக்குள் இழுத்து வருகிறது. ஆகவே தப்ப முடியாது.

டிக் என்பதால் ஒரு விளைவு உண்டு. 15-ஐப் பத்து தடவை அனுப்பினாலும், முதலாவது எடுக்கப்படும் முன்பே மற்றவை வந்துவிட்டால் கட்டத்தில் ஒரே டிக்தான். ஒரு தடவைதான் போய்ச் சேரும். ரியல்-டைம் சிக்னல்கள் மட்டும் வரிசையில் நிற்கும்.

மூன்று வழிகள்

டிக் கண்ணில் பட்டதும் மூன்றில் ஒன்று நடக்கும். புரோகிராம் "கண்டுகொள்ளாதே" என்று முன்பே சொல்லியிருந்தால் சேதி குப்பைக்கு. எதுவுமே சொல்லவில்லை என்றால் அந்த சிக்னலுக்கு உரிய வழக்கம்: பலவற்றுக்கு அது சாவு. மூன்றாவது வழிதான் ருசியானது: நாமே எழுதிய ஹேண்ட்லர் ஃபங்ஷன்.

ஹேண்ட்லர் இருந்தால் கர்னல் ஒரு சாமர்த்தியம் செய்கிறது. பிராசஸ் எந்த வரியில் நின்றது, ரிஜிஸ்டர்களில் என்ன மதிப்பு என்பதை எல்லாம் பிராசஸின் ஸ்டாக்கிலேயே பத்திரப்படுத்தும். பிறகு நேராக ஹேண்ட்லரில் கொண்டுபோய் விடும். ஹேண்ட்லர் முடிந்ததும் சிக்-ரிட்டர்ன் என்ற சிஸ்டம் கால் பழைய நிலையை மீட்டுத்தர, விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

இது ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக இருந்ததில்லை. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு தடவை ஹேண்ட்லர் ஓடப் போனதுமே பதிவு அழிந்து பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். மறுபடி பதிவு செய்வதற்குள் இரண்டாவது சிக்னல் வந்தால் ஆள் காலி. 1983-இல் 4.2 பி.எஸ்.டி. இதைச் சரிசெய்தது. 1988-இல் போசிக்ஸ் தரநிலை சிக்-ஆக்ஷன் என்ற ஃபங்ஷனை வகுத்தது. இன்றைக்கு நாம் எழுத வேண்டியதும் அதைத்தான்.

ஹேண்ட்லருக்குள் பிரின்ட்-எஃப், மாலக் போடாதீர்கள். மெயின் புரோகிராம் மாலக்கின் நடுவில் பூட்டைப் பிடித்து நிற்கும்போது சிக்னல் வந்தால், ஹேண்ட்லர் அதே பூட்டுக்காகக் காத்திருக்கும். இவர் முடிக்காமல் அவர் தொடர முடியாது, நிரந்தர முட்டுக்கட்டை! ஒரு கொடி வேரியபிளை 1 ஆக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மெயின் லூப் அந்தக் கொடியைப் பார்த்து நிதானமாக முடித்துக்கொள்ளட்டும்.

ஒன்பதின் கதை

9-ஐயும் 19-ஐயும் மட்டும் பிடிக்கவோ, தடுக்கவோ, ஒதுக்கவோ முடியாது. அதற்கு நியாயம் உண்டு. எல்லா சிக்னலையும் மறுக்கும் ஒரு புரோகிராம் மிஷினைப் பிடித்துக்கொண்டால், நிர்வாகி கையில் கடைசி ஆயுதம் ஒன்று வேண்டுமே!

ஆனால் விலை என்ன? 9 வந்த பிராசஸ் தன்னுடைய ஒரு வரியைக் கூட மேற்கொண்டு ஓட்டாது. மெமரியைத் திரும்ப எடுப்பதும் ஃபைல்களை மூடுவதும் கர்னல் பார்த்துக்கொள்ளும். கர்னலிடம் ஏற்கெனவே ஒப்படைத்த எழுத்து போகாது. புரோகிராமின் பஃபரில் இருந்தது போச்சு. பாதி எழுதிய ஃபைல் பாதியாகவே நிற்கும். தற்காலிக ஃபைலும் லாக் ஃபைலும் அனாதையாகக் கிடக்கும்.

அந்த 9-ம் சில இடத்தில் பலிக்காது. ஸோம்பி என்பது ஏற்கெனவே செத்தது, மறுபடி கொல்ல முடியாது. டிஸ்க் வேலைக்காக எழுப்ப முடியாத தூக்கத்தில் இருக்கும் பிராசஸ், அந்த வேலை முடியும் வரை டிக்கைப் பார்க்காது. பி.எஸ். கட்டளையில் இது டி என்ற எழுத்தாகத் தெரியும். அன்றைக்கு நாங்கள் பி.எஸ். அடித்துப் பார்த்திருந்தால், பென் டிரைவுக்காகக் காத்திருக்கிறது என்று புரிந்திருக்கும்.

தப்பு யார் மேல்?

நியாயமாகச் சொன்னால் சீனியரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் 15 அனுப்பியிருந்தாலும் எங்கள் ஃபைல் போயிருக்கும். ஏனென்றால் நாங்கள் 15-க்கு ஹேண்ட்லரே எழுதவில்லை. கேட்கிறவருக்குப் பொறுமை வேண்டும், பதில் சொல்கிறவருக்குத் தயாரிப்பு வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் கதி அதுதான்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் டைப் அடித்தபோது இரண்டு திருத்தம் செய்தோம். 2-க்கும் 15-க்கும் கொடி போடும் ஹேண்ட்லர் எழுதினோம். அடுத்து, பழைய ஃபைலைத் தொடாமல் வேறு பெயரில் முழுவதும் எழுதிவிட்டு, கடைசியில் ரீநேம் செய்தோம். பிறகு சேமிக்கும்போதே நாங்களே தைரியமாக 9 அடித்துப் பார்த்தோம். பழைய ஃபைல் முழுசாக அப்படியே இருந்தது!

மிஷினை ஷட்டவுன் செய்யும்போது சிஸ்டமே என்ன செய்கிறது தெரியுமா? முதலில் 15 அனுப்பி, சிறிது நேரம் காத்திருந்து, அடங்காதவர்களுக்கு மட்டும் 9. அதே வரிசையை நாமும் பிடிப்போம். முதலில் பி.எஸ்., பிறகு 15, பிறகு பத்து விநாடி பொறுமை. அதற்கும் மசியவில்லை என்றால், அப்புறம் இருக்கவே இருக்கிறது ஒன்பது!