சென்சாரை மாற்றும் முன் சோதிக்கச் சொல்லுங்கள்

பத்து வருடம் ஓடிய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். எஸ்டிமேட் பல ஆயிரம் ரூபாய். உடனே சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். ஸ்கேனர் காட்டும் கோடு கோளாறு தெரிந்த இடத்தைத்தான் சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தச் சென்சார் புகைக்குழாயில் இருக்கிறது. எரிந்து வரும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற அளவை ஒட்டியே கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

முதலில் கோடு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பி0171: கலவையில் பெட்ரோல் போதவில்லை. வெடித்த வேக்குவம் ஹோஸ், அழுக்கேறிய காற்றளவு சென்சார், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் என எதுவும் காரணமாகலாம்.

பி0135: சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு. ஃபியூஸ், கனெக்டர், எலி கடித்த ஒயர் ஆகியவற்றைப் பார்த்த பிறகே சென்சார்.

பி0420: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது. சென்சாரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் விளக்கு திரும்பவும் எரியும்.

அடுத்து, இன்ஜின் சூடானதும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லுங்கள். பழைய கார்களில் பொதுவாக உள்ள வகையில், கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். 0.1-லேயே நின்றால், மெக்கானிக் கலவையில் சற்றே எரிபொருளைக் கூட்டிப் பார்ப்பார். வோல்டேஜ் சட்டென்று மேலே ஏறினால் சென்சார் நன்றாகவே இருக்கிறது; கோளாறு வேறெங்கோ. அசையாமலே கிடந்தால், ஒயரிங்கும் சரியாக இருந்தால், மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது உறுதியானால், பாஷ், டென்சோ, என்டிகே போன்ற சென்சார் தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் உங்கள் காருக்குரியது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கார் கம்பெனி பெட்டியில் வருவதைவிடப் பல சமயம் விலை குறையும். பார்ட் நம்பரும் கனெக்டரும் பொருந்த வேண்டும். ஒயரை வெட்டி ஒட்டும் மலிவுச் சரக்கு வேண்டாம். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப் போடுவதும் நல்லதல்ல. பெட்ரோல் கூடுதலாகப் பாய்ந்தால் மைலேஜ் குறையும்; கன்வர்ட்டரும் சூடேறிக் கெடும். அதன் விலை சென்சாரைவிடப் பல மடங்கு. கோடு எண்ணை அழித்து விளக்கை அணைப்பது ரிப்பேர் ஆகாது. விளக்கு விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் ஆகிறது என்று அர்த்தம்: வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.